அந்த ஓட்டத்தை இன்னும் எத்தனை மார்ச் காட்டுவீர்கள்?

மார்ச் மாதம் பிறந்தால் கல்லூரிக் கூடைப்பந்தை வீட்டுக்கு வீடு கொண்டுவரும் தொலைக்காட்சிக்காரர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. சரி, எப்படியும் நீங்கள் படிக்கப் போவதில்லை, கோபம் தானாக வருகிற மொழியிலாவது எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிக்கிற நாலு தமிழர்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியட்டும்.

விஷயம் ஒரு சின்னத் துண்டுப் படம். ஒவ்வொரு மார்ச்சிலும் அதைப் போடுகிறீர்கள். ஒருவர் எங்கோ தூரத்திலிருந்து பந்தை எறிகிறார். அது கூடைக்கு எட்டாமல் விழப்போகிறது. இன்னொருவர் அதை அந்தரத்திலேயே பிடித்துக் கூடைக்குள் அமுக்குகிறார். அடுத்த நொடி, கோட்டு சூட்டுப் போட்ட ஒரு பயிற்சியாளர் கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானமெல்லாம் ஓடுகிறார். 1983 ஏப்ரல் 4, ஆல்புகர்க்கி நகரம். வட கரோலினா ஸ்டேட் 54, ஹூஸ்டன் 52.

எறிந்தவர் டெரெக் விட்டன்பர்க். அமுக்கியவர் லொரென்சோ சார்ல்ஸ். ஓடியவர் ஜிம் வல்வானோ. மூன்று பேர் மீதும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சார்ல்ஸ், வல்வானோ இருவரும் இன்று உயிரோடு இல்லை. வல்வானோ புற்றுநோயோடு போராடிய விதத்தைப் பார்த்து எங்கள் ஊரிலும் அழுதவர்கள் உண்டு. என் வழக்கு உங்களோடுதான். அந்தப் படத்தில் தோற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை. என் பேத்தி போன வருஷம் கேட்டாள், "தாத்தா, அந்த அங்கிளைச் சுற்றி நிற்கிறவங்க எல்லாம் யாரு?"

அது எங்கள் அணி, கண்ணு. ஹூஸ்டன் கூகர்ஸ்.

நான் 1981 ஆகஸ்டில் கோவையிலிருந்து மேல்படிப்புக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகம் வந்தவன். கோவைக்காரனுக்குக் கூடைப்பந்து புதிதில்லை. அங்கே கல்லூரி மைதானங்களில் சாயங்காலம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆனால் நான் பார்த்த ஆட்டம் வேறு, இங்கே ஹாஃப்ஹைன்ஸ் பெவிலியனில் நடந்தது வேறு. அந்த அரங்கத்தில் நீங்கள் நுழைகிற மட்டத்தில் ஆட்டக்களம் இருக்காது, கீழே பள்ளத்தில் இருக்கும். கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தால், கீழேயிருந்து ஆட்கள் நம்மை நோக்கி எழும்பி வருவார்கள். ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சியைப் பார்க்கவே நாங்கள் அரைமணி நேரம் முன்னதாகப் போய் உட்காருவோம். வரிசையாக ஓடி வந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசில் டங்க் அடிப்பார்கள், அதாவது எம்பிப் போய்ப் பந்தைக் கையாலேயே கூடைக்குள் அமுக்குவார்கள். எதிரணிப் பையன்கள் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

1983 ஜனவரியில் ஹூஸ்டன் போஸ்ட் நாளிதழின் விளையாட்டு எழுத்தாளர் தாமஸ் போங்க் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: ஃபை ஸ்லாமா ஜாமா. இங்கே கல்லூரி மாணவர் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைப்பது வழக்கம். அதைக் கிண்டலடித்து, டங்க் அடிப்பவர்களின் சங்கம் என்று வைத்த பெயர். அந்த நாளிதழ் 1995இல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

கிளைட் டிரெக்ஸ்லர், மைக்கேல் யங், லாரி மிஷோ, ஆல்வின் ஃபிராங்க்ளின், ரீட் கெட்டிஸ் என்று அநேகமாக எல்லாரும் ஹூஸ்டன் சுற்றுவட்டாரப் பையன்கள். லூசியானாவிலிருந்து வந்த பென்னி ஆண்டர்ஸ் ஒருவர். அப்புறம், லாகோஸிலிருந்து வந்த ஒலாஜுவான்.

ஒலாஜுவானைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்த பையன். 1980இல் முதலில் நியூயார்க்கில் இறங்கி, அந்தக் குளிரைப் பார்த்து மிரண்டு, நேரே ஹூஸ்டனுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். விமான நிலையத்துக்கு யாரும் அழைக்கப் போகவில்லை, டாக்சி பிடித்துத்தான் வந்தாராம். இதைக் கேட்டதும் எங்கள் அறையில் இருந்த அத்தனை இந்தியப் பையன்களுக்கும் அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். நாங்களும் குளிர் இருக்காது என்று நம்பித்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். எங்களையும் அழைக்க யாரும் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் பெயரை 'அக்கீம்' என்றே பத்து வருஷம் எழுதினார்கள். ஹகீம் என்பதே சரி என்று அவரே திருத்தியது 1991இல்தான். என் அப்பா பெயரை என் பெயராக்கி, என் பெயரை இனிஷியலாக்கிய அலுவலகங்களில் வரிசையில் நின்றவன் நான். அந்தப் பத்து வருஷத்தின் அருமை எனக்குத் தெரியும்.

கோடையில் ஃபாண்டே என்ற நகராட்சி உடற்பயிற்சிக்கூடத்தில் மோசஸ் மலோனோடு மோதி மோதித்தான் அவர் ஆட்டம் பழகினார். மலோன் அப்போது தொழில்முறைக் கூடைப்பந்தில் யாரும் நெருங்க முடியாத ஆள். அங்கே வாங்கிய இடியையெல்லாம் இங்கே கல்லூரிப் பையன்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

1982, 1983, 1984 என்று தொடர்ந்து மூன்று வருஷம் மார்ச் தொடரில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றோம். 1982இல் நியூ ஆர்லியன்ஸில் வட கரோலினாவிடம் 68-63. அந்த அணியில் மைக்கேல் ஜோர்டன் என்ற முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருந்தார். 1984 இறுதியில் ஜார்ஜ்டவுனிடம் 84-75. நடுவில் 1983. அந்த வருஷம் 31 வெற்றி, 3 தோல்வி. ஆல்புகர்க்கியில் கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது வரிசையாக 26 ஆட்டம் ஜெயித்திருந்தோம்.

நீங்கள் காட்டாத ஒரு டேப் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதே ஆல்புகர்க்கி, அதே அரங்கம், இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 2. லூயிவில் அணியோடு அரையிறுதி. அவர்களும் டங்க்குக்குப் பேர்போனவர்கள். இரண்டு கரகாட்டக் கோஷ்டி ஒரே முச்சந்தியில் சந்தித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பின்பாதியில் பின்தங்கியிருந்த எங்கள் பையன்கள் ஒரு கட்டத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில், பழைய சாமான் கடையில் வாங்கிய டிவியில் பார்த்தோம். ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முறை அன்று ஒரு தெலுங்கு நண்பருக்கு. திரைக்குப் பின்னால் நின்றபடி ஒவ்வொரு கூச்சலுக்கும் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தார், பாவம். 94-81. ஒலாஜுவான் 21 புள்ளி, 22 ரீபவுண்ட் (தவறி வரும் பந்தைப் பிடிப்பது), 8 பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது). அந்த ஆட்டத்தோடு அந்த வருஷம் முடிந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேலை இருந்திருக்காது.

இப்போதும் நாங்கள் ஐந்தாறு பழைய ஆட்கள் மாதம் ஒருமுறை காலை உணவுக்குக் கூடுகிறோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர், நான். நான் ஒருவன்தான் தேசி. எதைப் பேச ஆரம்பித்தாலும் ஆல்புகர்க்கியில்தான் வந்து நிற்போம். எங்கள் பயிற்சியாளர் கை லூயிஸ் ஏன் ஆட்டத்தை மெதுவாக்கினார்?

தமிழ் வாசகர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். இடைவேளையில் நாங்கள் 33-25 என்று பின்னால் இருந்தோம். டிரெக்ஸ்லர் முன்பாதியிலேயே நான்கு ஃபவுல் வாங்கிவிட்டார். ஐந்தாவது வாங்கினால் வெளியே. ஆனாலும் பின்பாதி ஆரம்பத்தில் எழுந்து வந்து 42-35 என்று முன்னால் போய்விட்டோம். அப்போது பயிற்சியாளர் லூயிஸ் பந்தைக் கையில் வைத்து நேரத்தைக் கடத்தச் சொன்னார். இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் அன்றைய கல்லூரி இறுதியாட்டத்தில் கிடையாது. அதனால் விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் காட்டாறு மாதிரி ஓடுகிற அணியைக் குளம் மாதிரி தேங்கி நிற்கச் சொன்னால்? வல்வானோ உடனே தன் பையன்களை விட்டு வேண்டுமென்றே ஃபவுல் செய்ய வைத்தார். ஃபவுல் பட்டவர் யாரும் மறிக்காமல் நின்று எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. எங்கள் ஆட்களுக்கு அது வராது என்பது நாட்டுக்கே தெரியும். அன்று 19இல் 10தான் விழுந்தது.

ஓட்டுநர் நண்பர் சொல்வார், ஊர் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரம், காற்றே இல்லை, ஒலாஜுவானுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள், களைத்த பிள்ளைகளை இன்னும் எப்படி ஓடவிடுவது என்று. ஆசிரியை ஒத்துக்கொள்ள மாட்டார். தானாகவே ஓடுகிற குதிரைக்குக் கடிவாளம் எதற்கு என்பது அவர் கட்சி. கடைசி நிமிஷத்தில் ஃபிராங்க்ளினின் ஃப்ரீ த்ரோ தவறியதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் நல்ல பையன். கடைசி நொடிகளில் ஆண்டர்ஸின் விரல் பந்தில் பட்டதே, இன்னும் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் அவர் தனியாக ஓடிப் போய் டங்க் அடித்திருப்பாரே என்று துறைமுகக்காரர் ஒருவர் கையை நீட்டிக் காட்டுவார், ஒவ்வொரு மாதமும். காபி கோப்பை ஒருமுறை சாய்ந்தே விட்டது.

1999இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, சச்சின் 136 அடித்தும். அதைப் பற்றிப் பேசும் சென்னைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே ஜாதிதான் நாங்கள். ஆனால் சேப்பாக்கத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்ற கதையும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. எங்கள் கதையில் அந்தப் பாதியை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். தோற்ற அணியிலிருந்த ஒலாஜுவானுக்குத்தான் அந்த வருஷம் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. இறுதியாட்டத்தில் 20 புள்ளி, 18 ரீபவுண்ட், 7 பிளாக். அதற்குப் பிறகு தோற்ற அணிக்காரர் யாருக்கும் அது கிடைக்கவில்லை. இதை உங்கள் வர்ணனையாளர் ஒருவராவது சொல்லிக் கேட்டதுண்டா?

இன்னும் ஒன்றைச் சொல்கிறேன், இது உங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது. கல்லூரிக் கூடைப்பந்தை டிவியில் போட்டால் நாடே உட்கார்ந்து பார்க்கும் என்று உங்களுக்குக் காட்டியது எங்கள் ஊர். 1968 ஜனவரி 20, ஆஸ்ட்ரோடோம். அப்போது பேஸ்பால் ஆடிய அந்த மாபெரும் கூரை மைதானத்தில் கூடைப்பந்து நடத்தலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் இதே கை லூயிஸ். எதிரே 47 ஆட்டமாகத் தோற்காத யுசிஎல்ஏ, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அணி. ஆட்டத்தளப் பலகைகளையே லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கொண்டுவந்து நடுவில் விரித்தார்கள். 52,693 பேர் வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் எடுக்காத அந்த ஆட்டத்தை எடி ஐன்ஹார்ன் என்பவர் ஊர் ஊராக நிலையங்களைச் சேர்த்து, இரவு எல்லாரும் டிவி பார்க்கிற நேரத்தில் நாடு முழுக்கக் காட்டினார். எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி. கடைசியில் அவருடைய இரண்டு ஃப்ரீ த்ரோ விழுந்து 71-69. ஆமாம், எங்களுக்கும் ஃப்ரீ த்ரோ விழுந்த நாள் உண்டு! எங்கள் கூட்டத்து ஓட்டுநர் அன்று பையனாக அங்கே இருந்தவர். ஆட்டம் கடுகளவுதான் தெரிந்ததாம். யார் பந்தைப் போட்டது என்பதைப் பக்கத்து ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார்.

நியாயமாகச் சொன்னால், அன்று யுசிஎல்ஏயின் லூ ஆல்சின்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார், கண்ணில் காயத்தோடு ஆடினார். இரண்டே மாதத்தில் 101-69 என்று எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. எங்கள் தோல்விகளைச் சொல்வதில் எங்களுக்கு வெட்கம் கிடையாது.

அந்த ஹேய்ஸையும் டான் சேனியையும் 1964இல் லூயிஸ் சேர்த்தபோது, ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் கறுப்பின மாணவர்கள் அதற்கு முன் இருந்ததில்லை. தெற்கே அந்த வருஷங்களில் அது சாதாரணக் காரியம் இல்லை. டங்க் அடிப்பதையே 1967 முதல் ஒன்பது பருவம் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்து வைத்திருந்தார்கள். தடை போனதும் டங்க்கை அணியின் அடிப்படை ஆயுதமாக்கியவரும் லூயிஸ்தான். கூடைக்குப் பக்கத்தில் போய் அமுக்கினால் தவறாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. இன்று உங்கள் மார்ச் விளம்பரங்களில் பத்துக் காட்சிக்கு எட்டு டங்க். சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட துண்டை எப்போதும் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். நம் ஊர் வாத்தியார் தோளில் துண்டு மாதிரி. அவரைக் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்க 2013 வரை ஆயிற்று. 592 வெற்றி, ஐந்து முறை கடைசி நான்கு. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால் எங்கள் மேஜையில் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: உங்கள் துண்டுப் படம். மெதுவாக்கச் சொன்ன ஆள் என்று ஒரு இரவை வைத்தே அவரை எடை போட்டுவிட்டார்கள். 2015இல் அவர் காலமானார்.

அவர் 1986இல் ஓய்வுபெற்ற பிறகு நாங்கள் பட்ட பாட்டை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 1984க்குப் பிறகு மார்ச் தொடரில் ஒரு ஆட்டம் ஜெயிக்க 2018 வரை காத்திருந்தோம், அது போதும். டிரெக்ஸ்லரே வந்து இரண்டு வருஷம் பயிற்சியாளராக இருந்து பார்த்தார், நடக்கவில்லை. அரங்கில் காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு. 2014இல் கெல்வின் சாம்ப்சன் பயிற்சியாளராக வந்தார். ஹாஃப்ஹைன்ஸை இடித்துக் கட்டி ஃபெர்டிட்டா சென்டர் ஆக்கினார்கள். 2021இல் மறுபடி கடைசி நான்கு. அப்புறம் 2025.

இப்போதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ. இறுதியாட்டத்தில் புளோரிடாவிடம் 65-63. மறுபடியும் இரண்டே புள்ளி. பின்பாதியில் 12 புள்ளி முன்னால் இருந்துவிட்டுத் தோற்றோம். கடைசி நொடிகளில் எங்கள் பையன் எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எறிய எம்பினார். எதிராளி பாய்ந்து வந்து மறைத்தார். எறிந்தால் தடுத்துவிடுவார். ஷார்ப் அந்தரத்திலேயே பந்தைக் கீழே விட்டுவிட்டார். தானே மறுபடி தொட்டால் விதிமீறல். பந்து அவர் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தது, அவர் பார்த்துக்கொண்டு நின்றார், நேரம் முடிந்தது. நான் டிவியை அணைக்கவில்லை. அன்று இரவே ஆரம்பித்தீர்கள். மறுநாள் மறுபடி. அந்தப் பையன் குனிந்து உட்கார்ந்திருக்கும் முகத்தை எத்தனை கோணத்தில் காட்டினீர்கள்!

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆல்புகர்க்கியை நாங்கள் சுமந்துவிட்டோம், எங்களுக்கு வயதாகிவிட்டது, இனி அது பெரிய பாரமில்லை. அந்தப் படத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிற ஒலாஜுவானுக்கும் டிரெக்ஸ்லருக்கும் 1995இல் இதே ஊரின் ராக்கெட்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஒன்றாகச் சேர்ந்து கோப்பை வாங்கும் பாக்கியம் கிடைத்தது. ஷார்ப்புக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இன்னும் நாற்பது மார்ச்சுக்கு அவர் பந்தைக் கீழே விடுவதையே காட்டிக்கொண்டிருக்கப் போகிறீர்களா?

அப்படிக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு நாள் முன்னால் நடந்ததையும் பக்கத்தில் வையுங்கள். டியூக் அணியோடு அரையிறுதி. 14 புள்ளி பின்னால் இருந்து வந்தும், கடைசி 35 நொடியில் இன்னும் 6 புள்ளி பின்னால். ஊரே எழுந்து கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூட்டத்து ஆசிரியை மட்டும் உட்காருங்கள் என்று அதட்டினார், வகுப்பறைக் குரலில். ஒரு மூன்று புள்ளி விழுந்தது. 67-64. அடுத்து அவர்கள் உள்ளே எறிந்த பந்தைப் பிடுங்கினோம், எறிந்தது தவறியது, ஜோசப் டக்லர் அதை அப்படியே டங்க்காக அமுக்கினார். ஜே'வான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் விழுந்தன. ஹூஸ்டனுக்கு ஃப்ரீ த்ரோ! ஓட்டுநர் அழுதேவிட்டார். ஆட்டம் முடிந்தபோது 70-67.

ஆரம்பத்தில் விழுந்ததே அந்த மூன்று புள்ளி, 33 நொடி மிச்சமிருக்கையில், அதைப் போட்டவர் எமானுவல் ஷார்ப். அந்த டேப்பும் உங்களிடம் இருக்கிறது. லூயிவில் டேப் இருக்கும் அலமாரியில் தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு பழைய கூகர் ரசிகன்